காய்ந்தால்தான் தெரியும்

1

இந்தக் கதை ஒரு படுக்கையறைச் சுவரிலிருந்து வந்தது. எழுதுகிறவன் வீட்டுச் சுவர்தான். 'நண்பன் வீட்டுச் சுவர்' என்று முதலில் எழுதினான். பொய்யில் தொடங்கினால் கடைசிவரை அதைக் கட்டிக்காக்க வேண்டும் என்று அடித்துவிட்டான்.

சுவரில் கையகலத்துக்கு இரண்டு பட்டைகள். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். எது பொருந்தும் என்று பார்க்க மனைவி தீட்டியவை. அடுத்த வாரம் அவள் இறந்துபோனாள். [எப்படி என்று கேட்பீர்கள். அதற்கு இங்கே இடமில்லை.]

2

கைவிட்ட தொடக்கங்கள்:

'அவளுக்கு நீலம்தான் பிடிக்கும் என்று அவனுக்கு—' தெரியாது.

'மஞ்சளைத் தீட்டும்போது அவள் முகம்—' அவன் அப்போது செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

3

சுவரில் ஈரம் ஏறி உரிய ஆரம்பித்ததால் கணவன் பெயின்டரை வரச் சொன்னான். துக்கத்துக்கு வராதவர்கள்கூட பெயின்ட் அடிக்கும் வீட்டுக்கு யோசனை சொல்ல வந்துவிடுவார்கள். இங்கே வந்தவர்கள் இரண்டு பேர்.

மனைவியின் அண்ணன் சுவரை ஒரு பார்வை பார்த்தார். தீர்ப்பு வந்துவிட்டது. மஞ்சள். சின்ன வயதில் அவள் குடை மஞ்சளாம். வாங்கிக் கொடுத்தது தான்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டார். கணவனின் அக்கா விடவில்லை. அமைதியான பெண், நீலம்தான் என்றாள். [அக்காவும் அவளும் சந்தித்தது கல்யாண வீடுகளில் மட்டும்.] பெயின்டருக்கும் பொறுக்கவில்லை. தூரிகை இழுப்பைப் பார்த்தே மனசைச் சொல்லிவிடுவாராம். மஞ்சளில் கை நின்று நிதானமாகப் போயிருக்கிறதாம். எதுவானாலும் முதலில் சுவர் முழுக்கச் சுரண்டியாக வேண்டும் என்றும் சொன்னார்.

கணவன் அப்போதுதான் வாய் திறந்தான். "நீலம். என்கிட்ட சொல்லியிருக்கா."

சொல்லவில்லை.

"உங்ககிட்ட மட்டும் சொன்னாளா, மாப்பிள்ளை?" என்றார் மச்சான். "தோள்ல தூக்கி வளர்த்தவனுக்கு ஒண்ணும் தெரியாது. அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொல்லல, மச்சான்."

"சொன்ன விதம் அப்படித்தான் இருந்துச்சு."

அவர் பால்கனிக்குப் போய்விட்டார். அக்கா ஜெயித்த முகத்துடன் டீ போடப் போனாள்.

4

தெரியாததைத் தெரியும் என்று சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடுத்தவர் குரலில் அதன் பெயர் திமிர். நம் குரலில் பாசம். கதை எழுதுகிறவனுக்கோ அதுதான் பிழைப்பு. 'அவள் நினைத்தாள்' என்று கூசாமல் எழுதுகிறான். யாரும் கோபித்துக்கொண்டு பால்கனிக்குப் போவதில்லை.

அவள் சொன்னது ஒன்றே ஒன்று. விரல்களைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டும் காயட்டும். காஞ்சாத்தான் தெரியும்."

இத்தனை பேரில் தெரியாது என்று சொன்னது அவள் ஒருத்திதான்.

5

முடிவு அ: மஞ்சள். மச்சான் அழுகிறார்.

முடிவு ஆ: நீலம். அந்தப் பொய்க்குள் கணவன் தினமும் படுத்து எழுந்திருக்கிறான்.

முடிவு இ: பட்டைகளை அப்படியே விட்டு, சுற்றிலும் வெள்ளை. உங்களுக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் ஈரம் பட்டையைச் சுற்றிக்கொண்டு போவதில்லை.

நடந்தது: கணவன் பால்கனிக்குப் போனான். "அவ எதுவும் சொல்லல, மச்சான். எனக்கும் தெரியாது."

மச்சான் அவன் தோளில் கை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு சொன்னார். "அப்ப மஞ்சள்தான்."

உள்ளே பெயின்டர் சுரண்டும் தகட்டோடு நிற்கிறார். எந்த நிறம் ஜெயித்தாலும் அவள் கை தீட்டிய இரண்டும் போய்விடும். எழுதுகிறவன் இதற்கு மேல் எழுதப்போவதில்லை. நீங்கள் இதற்குள் ஒரு நிறத்தை முடிவு செய்திருப்பீர்கள். அவளை ஒருநாளும் பார்த்ததில்லை. இருந்தாலும்.

சொல்லுங்கள். பெயின்டர் காத்திருக்கிறார்.