இரண்டு பேர் படகு

சேக் மைதீன் கொடைக்கானல் ஏரிக்கரையில் பங்களா வாங்கியபோது பத்திரம் எழுதியவர் யதிராஜன். தோல்மண்டி முதலாளியும் ஸ்ரீரங்கத்து வக்கீலும் காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பங்களாவின் பின்புறம் தனி வாசல், தனிக் குழாயோடு ஒரு சமையல்கட்டு கட்டி, "இது உனக்கு. நான் எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன்" என்று சாவியை நண்பரிடம் கொடுத்தார் மைதீன். அதன்பின் ஒவ்வொரு கோடையிலும் இருவரும் மாலைதோறும் ஏரியைச் சுற்றி நடந்தார்கள்.

போன கோடையில் அமிர்தராஜ் வந்து சேர்ந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினீயர். யாருடைய பாய்ப்படகையோ கேட்டு வாங்கி ஏரியில் ஓட்டிக் காட்டினார். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் படகு அவர் நினைத்த பக்கம் போயிற்று. மைதீன் கரையில் நின்று கைதட்டினார். அன்று மாலை நடக்கப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

திருச்சிக்குத் திரும்பிய பிறகும், கொடைக்கானலுக்கு ஒரு படகு வாங்கும் பேச்சு ஓயவில்லை. ஆடி பிறந்ததும், சீமைக்குத் திரும்பும் ரயில்வே துரை ஒருவர் முக்கொம்பில் வைத்திருந்த இரண்டு படகுகளை விற்கிறார் என்று அமிர்தராஜ் செய்தி கொண்டுவந்தார். ஒன்று அகலமானது, நாலு பேர் உட்காரலாம். மற்றதில் இரண்டு பேருக்குத்தான் இடம்.

"பெரிசை வாங்கு. சின்னது கவிழும்" என்றார் யதிராஜன்.

"அவ்வளவு சுலபமா கவிழாது சார். ஏரியில காத்து அப்பப்ப செத்துப்போயிடும். அப்ப பெரிசு நின்ன இடத்துலயே நிக்கும்" என்றார் அமிர்தராஜ்.

"ஒர்க்‌ஷாப்புல இன்ஜினைத்தானே ரிப்பேர் பண்றேள்? காத்தையுமா?"

மைதீன் சிரித்தார். அந்தச் சிரிப்பு யார் பக்கம் என்று யதிராஜனுக்குத் தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் போய் ஓட்டிப் பார்த்துடலாங்களா?" என்று அமிர்தராஜ் கேட்க, "சரி" என்றார் மைதீன்.

அந்தச் 'சரி'தான் யதிராஜனைச் சுட்டது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். அவர் வாசல் தாண்டமாட்டார். அது முடிந்தால் மைதீனுக்கு ஜும்ஆ தொழுகை. அதனால் வெள்ளிக்கிழமையில் எதையும் வைத்துக்கொள்வதில்லை என்பது பேசி முடிவு செய்யாமலே இருவருக்கும் இடையில் இருந்த ஏற்பாடு. பங்களாப் பத்திரம் பதிவானதுகூட அதனால்தான் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. மைதீன் இப்போது அதை மறந்துவிட்டார்.

"நான் வரலை. நீங்க ரெண்டு பேரும் பாருங்கோ" என்றார் யதிராஜன், மைதீன் நாளை மாற்றுவார் என்று எதிர்பார்த்து.

"அட, ராகுகாலமா? அப்ப நீ இரு. பார்த்துட்டு வந்து சொல்றேன்."

வெள்ளிக்கிழமை யதிராஜன் கோர்ட்டுக்குப் போகவில்லை. கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். இனி மே மாதம் முழுக்க அவர்கள் இருவரும் தண்ணீரில் இருப்பார்கள். தான் தனிச் சாவியோடு தனிச் சமையல்கட்டில் உட்கார்ந்திருக்கவேண்டும். மணி பத்தே முக்காலுக்குச் செருப்பை மாட்டினார்.

"ராகுகாலத்துல எங்க கெளம்பறேள்?" என்றாள் மனைவி வேதவதி.

"முக்கொம்புக்கு."

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு டாக்ஸி பிடிக்கப் போனார்.

முக்கொம்பில் தண்ணீர் கரை முட்டி நின்றது. பெரிய படகு மரத்தில் கட்டியபடி கிடந்தது. சின்னது நடு ஆற்றில் ஒருக்களித்துப் போய்க்கொண்டிருந்தது. அதில் இரண்டு தலைகள், ஒன்றில் மைதீனின் சிவப்புத் துருக்கித் தொப்பி. யதிராஜன் கையை உயர்த்தினார். தொப்பி திரும்பவில்லை.

படகு கரை சேர்ந்ததும் மைதீன் தள்ளாடி இறங்கிப் புல்லில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ராகுகாலத்துலயா வந்தே?"

"எதை எடுத்தே?"

"சின்னதைத்தான்."

"தெரியும்."

"என்னத்தைத் தெரியும்? இந்தப் பக்கம் சாயுது, அந்தப் பக்கம் சாயுது, குடல் மட்டும் நடுவுல நிக்குது. அல்லாதான் காப்பாத்தினான். என் ஹயாத்து இருக்கற வரைக்கும் இனிமே இதுல ஏறமாட்டேன்."

"அப்புறம் எதுக்கு வாங்கறே?"

"உனக்குடா. காவேரியில நீந்தி வளர்ந்தவன்தானே? நீயும் அமிர்தராஜும் ஓட்டுங்க. நான் கரையில உட்கார்ந்து பார்க்கறேன். ஏறு!"

அமிர்தராஜ் கை நீட்டினார். மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. யதிராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். இருவர் முழங்கால்களும் இடித்துக்கொண்டன. அமிர்தராஜ் பாயின் கயிற்றை அவர் கையில் கொடுத்து, இழுக்கவும் விடவும் சொல்லிக்கொடுத்தார். காற்று பாயை நிறைத்ததும் படகு துள்ளிக் கிளம்பியது. யதிராஜனுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது.

பிறகு கரையைப் பார்த்தார். துரை ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்து மைதீனை உட்காரவைத்திருந்தார். கையில் தேநீர்க் கோப்பை. துரை ஏதோ சொன்னார். மைதீன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"கயித்தை விட்டுட்டீங்களே சார்!"

யதிராஜன் கயிற்றைப் பிடித்தார். கண் கரையிலேயே இருந்தது.

"அந்தத் துரை எப்போ கப்பல் ஏறறார்?"

"அடுத்த வாரம் சார்."

"நிச்சயமாப் போயிடுவாரோல்லியோ?"