காவி பூசிய கொப்புளம்

கொப்புளம் வந்தால் அக்கி, அக்கி வந்தால் காவி. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிற எனக்கு இதை ஒருவர் சொல்லித் தர வேண்டுமா? என் அப்பா பானை செய்கிறவர். ஊரில் யாருக்கு அக்கி வந்தாலும் சிவப்புக் காவிமண்ணைக் குழைத்து அதன்மேல் எழுதிவிடுவார். ஆனால் எனக்கு வந்த இடம் அப்பாவிடம் காட்டுகிற இடமா? ஒன்பது மாத வயிற்றோடு, கண்ணாடியை வைத்துக்கொண்டு நானே பூசிக்கொண்டேன். ஒன்றுக்குப் போனால் உயிர் போகிற எரிச்சல். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மாதப் பரிசோதனை. கழுவாமல் போனேன் பாருங்கள், அதுதான் என் புத்தி. நர்ஸ் துணியை விலக்கியதும், "ஐயையோ, ரத்தம் போவுது!" என்று அலறினார். வெளியே இருந்த என் வீட்டுக்காரர் பாரி பதறிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்.

டாக்டர் மதிவதனி பஞ்சால் துடைத்தார். "ரத்தமில்ல, காவி. எந்தக் காலத்துலம்மா இருக்குற?"

பாரியை வெளியே போகச் சொன்னார். நான்தான், "இருக்கட்டுங்க" என்றேன். அனுப்பினால் அவர் சந்தேகப்படுவாரே என்கிற கெட்டிக்காரத்தனம்.

"இது அக்கி இல்ல, ஹெர்பிஸ். உடலுறவுல பரவுற வைரஸு. உடம்புல பதுங்கியிருந்து திரும்பத் திரும்ப வரும். மாத்திரையில கட்டுப்படும். இதான் மொத தடவையா? மொத தடவன்னா பிரசவத்துல கொழந்தைக்கு ஒட்டிக்கும், உயிருக்கே ஆபத்து. முன்னாடியே வந்திருந்தா உன் உடம்புல இருக்குற எதிர்ப்பு சக்தி கொழந்தைக்கும் போயிருக்கும். பயம் ரொம்பக் கம்மி. நெசத்தச் சொல்லு."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. எது என் மானத்தை வாங்குமோ, அதுதான் குழந்தைக்கு நல்லதாம்.

"முன்னாடியே வந்திருக்குதுங்க. நாலு வருஷம் இருக்கும்."

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். பாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாடா" என்றார் டாக்டர். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. கண்ணீர் கொட்டியது. பிரசவம் வரை தினம் மூன்று வேளை மாத்திரை, வலி எடுக்கும்போது புண் இருந்தால் மட்டும் ஆபரேஷன் என்றார். பாரியும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமாம்.

"மாத்திரை வாங்கியாறேன்" என்று பாரி எழுந்து போனார். மருந்துச் சீட்டு மேசையிலேயே கிடந்தது.

அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்ப் பார்த்தால், வாசலில் நாங்கள் வந்த பைக்கும் இல்லை. சீட்டை எடுத்துக்கொண்டு நானே மருந்து வரிசையில் போய் நின்றேன்.