ஹிராயாமா கேட்ட உருண்டை

ஃப்ளோரன்ஸ் கொண்டுவந்த காகிதத்தை எல்சி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மருந்துச் சீட்டின் பின்பக்கம் பென்சிலால் எட்டுக்கால் பிராணி ஒன்று வரைந்திருந்தது. பக்கத்தில் குழிகுழியாக ஒரு சட்டி. அதன் கீழே மூன்று உருண்டைகள்.

"அந்த ஜப்பான்காரன் நாலு நாளா கஞ்சிய வாயில வெக்க மாட்டேங்கிறான்க்கா," என்றாள் ஃப்ளோரன்ஸ். எல்சியின் தங்கை, ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் ஆயா. "இன்னா ஓணும்னு சைகையில கேட்டேன். இத வரைஞ்சு குட்த்தான். ஒடம்புல தெம்பு இல்லாம ஆபரேசன் பண்ண முடியாதாம். லேட்டானா கால எடுக்க வேண்டி வருமாம்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த எல்சியின் புருஷன் வால்டர் தலையைத் தூக்கவில்லை. அந்தக் காலை நசுக்கியது அவன் வின்ச்சிலிருந்து விழுந்த இரும்புத் தகடு.

அது 1969. ராயபுரத்தில் குடியிருந்த வால்டர், துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஒரு கம்பெனியில் வின்ச் என்ற பாரந்தூக்கியை ஓட்டினான். ஜப்பான் கப்பலிலிருந்து தகடு இறக்கும்போது அதைக் கட்டியிருந்த கம்பிக்கயிறு அறுந்தது. கீழே நின்றவன் ஹிராயாமா என்ற கப்பல்காரன். மூன்றாம் நாள் அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. வால்டர் கயிற்றை வெடுக்கென்று இழுத்ததுதான் காரணம் என்று ஃபோர்மேன் எழுதிக் கொடுத்திருந்தான். மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை. வால்டர் யாரிடமும் வாயே திறக்கவில்லை.

எல்சி காகிதத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது இன்னான்னு தெரியுதா?"

"தெரியாது."

முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னான். அவள் நகரவில்லை.

"பேய்க்கணவாய்," என்றான் கடைசியில். "அந்த ஊரு கப்பல்ல சமையக்காரன் சுடுவான். மாவு ஊத்தி, நடுவுல அத வெட்டிப் போட்டு. எனக்கும் ஒருவாட்டி குட்த்தான்."

"அப்ப ருசி உனக்குத் தெரியும்."

"நாளைக்கு விசாரணை. இன்னிக்கு நான் சோறு தூக்கினு போனா, அவன் வாய அடைக்கப் போனேம்பாங்க."

"நீ வராத. நான் எட்துகினு போறேன்."

நோயாளிகளைப் பார்க்கும் நேரம் நாலிலிருந்து ஆறு. அப்போது மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

காசிமேட்டுக் கரையில் பேய்க்கணவாயை யாரும் விலைக்கு வைப்பதில்லை. தூண்டிலுக்கு இரையாகப் போகும். ஒரு கட்டுமரக்காரர் இரைக் கூடையிலிருந்து இரண்டை எடுத்துப் போட்டார். "இத இன்னாம்மா செய்யப் போற?" என்று கேட்டார். எல்சி இரண்டையும் கூடையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

குழிப்பணியாரச் சட்டி பக்கத்து வீட்டுச் செல்லக்கனியிடம் இருந்தது. காயல்பட்டினத்துக்காரி. சட்டியைக் கொடுத்தவள் கையை எடுக்காமல் சொன்னாள்: "பாத்துக்கம்மா. அத தின்னுட்டு அந்த ஆளுக்கு ஏதும் ஆச்சின்னா, உம் மாப்பிள தலையிலதான் விழும்."

அந்தப் பேச்சு எல்சியோடு வீடுவரை வந்தது. கணவாயை உப்புப் போட்டுத் தேய்த்து வழுவழுப்பைக் கழுவினாள். கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் கால்கள் சுருண்டு சிவந்தன. அரை மணி கழித்து ஒரு துண்டை நறுக்கித் தன் வாயில் போட்டாள்.

"இன்னா பண்ற?" என்றான் வால்டர்.

"எனக்கு ஒண்ணும் ஆவலன்னா அவனுக்கும் ஆவாது."

அவன் எழுந்து வந்து தானும் ஒரு துண்டை எடுத்து மென்றான். "ரப்பர் மாதிரி கீது. இன்னும் வேவட்டும்."

இருவரும் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவள் அடிக்கடி வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நெத்திலிக் கருவாட்டை வேகவைத்து வடித்த நீரில் மைதாவையும் முட்டையையும் கரைத்தாள். முதல் ஈடு சட்டியோடு ஒட்டிப் பிய்ந்தது. இரண்டாவது ஈடு வெளியே கருகி உள்ளே பசையாக நின்றது. மணி மூன்றரை. மாவு இன்னும் ஒரு ஈட்டுக்குத்தான் இருந்தது.

"தண்ணியா கரைக்கணும்," என்றான் வால்டர். "குழி ரொம்பி மேல வழியணும். வழிஞ்சத உள்ள தள்ளிகினே திருப்புவான். நவுரு."

பழைய குடைக்கம்பி ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு அடுப்பின் முன் குந்தினான். ஒவ்வொரு குழியிலும் ஒரு துண்டு போட்டான். ஓரத்தைச் சுரண்டி உள்ளே மடக்கினான். உருண்டை புரண்டது.

"தகட்டக் கட்டின ஸ்லிங்கு கயிறு நைஞ்சு கெடந்துது எல்சி," என்றான் சட்டியைப் பார்த்தபடி. "நான் பாத்தேன்."

அவள் விசிறிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஃபோர்மேன்கிட்ட சொன்னேன். இன்னும் நாலு தூக்குதான், தூக்குடான்னான். தூக்கிட்டேன்."

"இத ஏன் இத்தினி நாளா சொல்லல?"

"சொன்னா, தெரிஞ்சே தூக்கினவன்னு ஆவும். சொல்லாட்டி, தெரியாம நடந்துதுன்னு ஆவும்."

எல்சி மறுபடி அடுப்பை விசிறத் தொடங்கினாள். பிறகு, "அந்தப் பக்கம் கருகுது. திருப்பு," என்றாள்.

பதினொரு உருண்டைகள் தேறின. வால்டர் சட்டையை மாட்டிக்கொண்டு தூக்குவாளியைத் தானே எடுத்துக்கொண்டான். அவள் கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் நடந்தாள்.

வார்டு வாசலில் அவன் கால் நின்றுவிட்டது. எல்சிதான் வாளியை வாங்கி உள்ளே போனாள். ஹிராயாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மூடியைத் திறந்ததும் தலை திரும்பியது. ஒன்றை எடுத்துப் பாதி கடித்தான். மென்றவன் திடீரென்று நிறுத்திக் கண்ணை மூடினான். வாந்தி எடுக்கப் போகிறான் என்று ஃப்ளோரன்ஸ் கட்டிலடியிலிருந்த கிண்ணத்தை இழுத்தாள்.

அவன் விழுங்கினான். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. உருண்டையின் மேல் எதையோ தூவுவதுபோல் விரலை ஆட்டி, அது இல்லை என்று தலையசைத்தான். அப்புறம் அடுத்ததை எடுத்தான். அப்படியே எட்டுத் தின்றான்.

ஒன்பதாவதை எடுத்தபோது வாசலில் நின்றவனைப் பார்த்துவிட்டான். வின்ச் மேடையில் பார்த்த முகம். எடுத்த கை அப்படியே நின்றது. வால்டர் திரும்பி ஓடிவிடுவான் என்றுதான் எல்சி நினைத்தாள். அவன் கட்டிலருகே வந்தான்.

"ஸ்லிங்கு நைஞ்சு கெடந்துதுப்பா. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தூக்கிட்டேன்."

ஹிராயாமாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனாலும் வால்டர் சொல்லி முடிக்கும்வரை அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிரிக்கவுமில்லை, கையை நீட்டவுமில்லை. சொல்லி முடித்ததும் கையிலிருந்ததை மெதுவாகத் தின்றான்.

மறுநாள் ஃபோர்மேன் எதிரில் உட்கார்ந்திருக்க, வால்டர் அதையே விசாரணையில் சொன்னான். ஃபோர்மேனுக்கு வேலை போயிற்று. வால்டருக்கு ஆறு மாதம் வேலை இல்லை. அந்த மாதங்களில் காசிமேட்டில் ஐஸ் பெட்டி சுமந்தான். தெருவில் சிலர் அவனைப் பைத்தியக்காரன் என்றார்கள்.

அந்த வாரமே ஹிராயாமாவுக்கு ஆபரேசன் நடந்தது. கால் தப்பியது, சற்றுக் குட்டையாக. அக்டோபரில் வேறொரு கப்பல் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. ஃப்ளோரன்ஸ்தான் வந்து சொன்னாள்.

வேலை திரும்பக் கிடைத்த முதல் நாள், மேடையில் ஏறிய வால்டர் நெம்புகோலைத் தொடாமல் இறங்கிவந்தான். சரக்கைக் கட்டிய கயிற்றைக் கையால் தடவித் தடவிப் பார்த்தான். நேரமாகிறது என்று மேலேயும் கீழேயும் கத்தினார்கள். கடைசி முழம்வரை பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினான்.