சுகர் பந்தி

தேவாரம் ஊரில் அறுபது தாண்டிய ஆம்பிளைகளில் சுகர் இல்லாத ஒரே ஆள் பிச்சைமணிதான். வெளியில் சொல்லிக்கொள்ளவே அவருக்கு வெட்கமாக இருந்தது. ஊரில் நாலு பேரைப் போலத்தான் அவரும் திராட்சைத் தோட்டத்தில் பாடுபட்டார், பிள்ளைகளை ஆளாக்கித் திருப்பூருக்கு அனுப்பினார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடவுள் ஏன் தன்னை ஒதுக்கிவைத்தான் என்று அவருக்குப் புரியவேயில்லை.

காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலைப்பக்கம் கிளம்பும் நேரத்தில், சுகர்காரர்கள் கூட்டமாக நடை போவார்கள். மடித்துக் கட்டிய வேட்டி, கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. முன்னால் போகிறவர் முத்துக்கருப்பன். கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரிலேயே முதலில் சுகர் வந்தவர். அந்த மரியாதைக்காக மற்றவர்கள் அவரை முந்தி நடப்பதில்லை. நடை முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு களை கட்டும். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு, யாருக்குக் கால் மதமதக்கிறது, யாருக்கு மாத்திரை மாற்றினார்கள். ஒரு நாள் பிச்சைமணியும் துணிந்து, "எனக்கு ரெண்டு நாளா மூட்டு வலி" என்று சொல்லிப் பார்த்தார். மூட்டு வலியெல்லாம் ஒரு நோயா? பெஞ்சு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்ட இடத்தில் பேச்சைத் தொடர்ந்தது.

இத்தனைக்கும் பிச்சைமணி சாப்பாட்டில் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. காலையில் டீயும் பன்னும், மத்தியானம் ரசத்தில் கரைத்த ஒரு பிடி சோறு, ராத்திரி மிச்சம் இருந்தால் உண்டு. வயசான வயித்துக்கு இது போதும் என்பது அவர் மனைவி பவுனுவின் கொள்கை. முட்டையும் பாலும் வளருகிற பிள்ளைகளுக்கு உண்டானது, நாம இனி வளர்ந்து எங்க போகப்போறோம் என்பாள். தனக்கும் அதே அளவுதான் போட்டுக்கொள்வாள், சொல்லப்போனால் இன்னும் ஒரு கரண்டி குறைவு.

அந்த வருசம் உத்தமபாளையத்தில் அரிசி மில்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. கீழ்ப் பந்தியில் அடிதடி. சாப்பிடுகிறவன் எழுந்திருப்பதற்குள் நாற்காலியைப் பிடிக்க, ஒவ்வொருவன் முதுகுக்குப் பின்னாலும் இரண்டு பேர் நின்றார்கள். பிச்சைமணியும் நின்றார். இரண்டு தடவை யாரோ சின்னப் பயல்கள் இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். நெய் வாசனை வேறு வயிற்றைப் பிறாண்டியது. அப்போதுதான் மாடிக்குப் போகும் படியைப் பார்த்தார். மேலே சுகர்காரர்களுக்குத் தனிப் பந்தி. மின்விசிறி, துணி விரித்த மேசை, சப்பாத்தி, குருமா, சர்க்கரை போடாத பாயசம். மில்காரரே நின்று பரிமாறுகிறார் என்று பேச்சு. படியில் முத்துக்கருப்பன் காவல் நின்றார்.

"ஏலே பிச்ச, இங்கன என்ன சோலி?"

பிச்சைமணிக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ தெரியாது. "எனக்கும் வந்துருச்சுப்பா" என்றார்.

"எவ்வளவு?"

"முன்னூத்திப் பத்து."

முத்துக்கருப்பன் ஒரு படி இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "லேட்டா வந்தாலும் பெருசா வந்துருக்கு. வாப்பா, பாத்து ஏறு."

மாடியில் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஜவுளிக்கடை சேக் பரீத் தன் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்திவைத்தார். பிச்சைமணிக்குக் கண் கலங்கியது. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அன்று அவ்வளவு சந்தோசம் இருந்திருக்காது.

அவர் பஸ் பிடித்து வீடு சேருவதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. பவுனு வெல்லப் பானையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாற்றோடு வாசலில் நின்றாள். மறுநாளிலிருந்து ஊரே படையெடுத்தது. ஒருவர் வேப்பங்கொழுந்து கொண்டு வந்தார், ஒருவர் ஆவாரம்பூ, சேக் பரீத் கருஞ்சீரகம். தின்கிற பண்டம் மட்டும் ஒருத்தரும் கொண்டு வரவில்லை. ஒரு பிடி சோறும் நின்றது. காய்ந்த சப்பாத்தி ஒன்று, அதையும் மெல்ல அவருக்குப் பல் கிடையாது. டீக்கடையில் பன் கேட்டால் மாஸ்டர், "சாகணும்னா வேற கடைக்குப் போங்க பெரியவரே" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பிச்சைமணி ஓடாய்த் தேய்ந்தார். வேட்டி இடுப்பில் நிற்காமல் பச்சை பெல்ட் வாங்கினார். அவர் இளைக்க இளைக்கப் பெஞ்சில் அவர் மதிப்பு ஏறியது. "சுகர் எப்படி உருக்குது பாருங்க" என்று வெளியூர்க்காரர்களுக்குக் காட்டினார்கள். நடையில் முத்துக்கருப்பனுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. மரியாதை வயிறு முட்டக் கிடைத்தது, ஆனால் வயிறு அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் பசி பொறுக்க முடியாமல் மனைவியிடம் உடைத்துவிட்டார்.

"அடியே, எனக்கு சுகரே இல்லடி. கல்யாணத்துல எடம் கெடைக்கலன்னு பொய் சொன்னேன்."

பவுனு அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள். "முத்துக்கருப்பண்ணன் அப்பவே சொன்னாக. நோய் முத்துனா இப்படித்தான் இல்லன்னு சாதிப்பாகளாம்." அன்றைக்குச் சாறு இரண்டு டம்ளர் ஆனது.

இனி செத்தால்தான் இந்தப் பொய்யிலிருந்து வெளியே வர முடியும் என்று பிச்சைமணிக்கு நிஜமாகவே பயம் வந்தது. அந்த வாரமே நடையின் நடுவில் கண் இருட்டி, ரோட்டில் விழுந்தார். ஏலத்தோட்ட ஜீப் ஒன்று நின்று, உள்ளே இருந்த பெண்கள் நெருக்கி இடம் கொடுத்து, அவரையும் முத்துக்கருப்பனையும், வழியில் வீட்டிலிருந்து பவுனுவையும் ஏற்றிக்கொண்டு போடி ஆஸ்பத்திரிக்கு விட்டது.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. விரலில் குத்திப் பார்த்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள், எடை பார்த்தாள். "சுகர் எல்லாம் இல்ல. ரத்தமே இல்ல. ஐயா பட்டினி கிடக்காரு."

பவுனுவுக்கு உயிரே போய்விட்டது. "பட்டினியா? என் வீட்லயா? தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும், வேற ஏதாச்சும் நோய் சொல்லு. ஊருக்குள்ள நான் எப்படித் தலை காட்டுவேன்?"

"நோய் இருந்தாத்தானம்மா சொல்றதுக்கு? சோறு, பருப்பு, கீரை, தெனம் முட்டை, ஒரு டம்ளர் பால். மூணு வேளையும். இதான் மருந்து." சொல்லிக்கொண்டே பவுனுவின் இமையையும் இழுத்துப் பார்த்தாள். "உங்களுக்கும் இதே மருந்துதான்."

பவுனு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை காலமும் சிக்கனம் என்று நினைத்துத் தன் கையாலேயே இரண்டு உயிரைக் காயப்போட்டிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பிச்சைமணிக்கோ மனைவியைப் பார்க்கப் பாவமாகவும், முட்டை என்ற வார்த்தையைக் கேட்டதில் சந்தோசமாகவும் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் முத்துக்கருப்பன் வெகு நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். தேவாரம் நெருங்கும்போது சொன்னார், "தங்கச்சி, நீ கவலப்படாத. நம்ம எல்லாருக்கும் ஏறுற சுகர். இவனுக்கு எறங்குற சுகர். ஆயிரத்துல ஒருத்தனுக்குத்தான் வருமாம். தின்னுக்கிட்டே இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாகன்னு நான் பேசிக்கிறேன்."

அப்படியே பேசினார். பெஞ்சு எழுந்து நின்று கேட்டது. அன்றிலிருந்து பிச்சைமணி டீக்கடையில் இரண்டு பன் தின்பதை, ஏதோ ஆபத்தான வைத்தியம் நடப்பதுபோல் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். வீட்டில் பருப்பு வெந்தது, கோழி முட்டை வந்தது. பவுனு அவர் எதிரிலேயே தட்டை வைத்து உட்கார்ந்து, அவர் தின்னும் அளவு தானும் தின்றாள்.

ஒரு நாள் மத்தியானம் முத்துக்கருப்பன் வந்தார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். தட்டில் இருந்த சோற்றையும் பருப்பையும் பார்த்தார், அவித்த முட்டையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"நேத்து நான் தனியாப் போடிக்குப் போயி, அந்த டாக்டரம்மாகிட்ட விரலக் குத்திப் பாத்தேன், பிச்ச."

"எவ்வளவு?" என்றார் பிச்சைமணி, பழக்கதோசத்தில்.

"ஒண்ணுமில்லையாம்."

பிச்சைமணி கையை உதறிவிட்டு நிமிர்ந்தார். "என்னப்பா சொல்ற? ஊருக்கே மொதல்ல வந்தது ஒனக்குத்தான? இதுக்கு முன்னாடி ஒரு தடவகூடப் பாக்கலையா?"

"கம்பத்துல ஒரு கல்யாணம். அங்கனயும் மாடியில தனிப் பந்தி போட்டுருந்தாக." முத்துக்கருப்பனின் குரல் இறங்கிவிட்டது. "கீழ எடம் கெடைக்கல. பிறகு வீட்ல மருமக சோத்த நிறுத்திட்டா. நல்லதுன்னு நெனச்சுத்தான் நிறுத்துனா, பாவம். பன்னெண்டு வருசமாச்சுப்பா, நான் வயிறு நெறயச் சோறு தின்னு."

பிச்சைமணிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. பவுனு எழுந்து போய் இன்னொரு தட்டு கொண்டு வந்தாள். சோற்றைக் குவித்து, பருப்பை ஊற்றி, தன் தட்டில் இருந்த முட்டையைப் பாதியாக்கி அதன் மேல் வைத்தாள்.

"கையக் கழுவிட்டு உக்காருங்கண்ணே. ஒங்களுக்கும் எறங்க ஆரம்பிச்சிருச்சுன்னு வெளிய சொல்லிக்கலாம்."