பச்சைப் புள்ளிகள்

…சிரித்திருக்கக் கூடாது, அவன் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன், என்ன செய்வது, அண்ணன் வாயில் கடவுள் பேச்சு வந்தால் அது கேலிதான் என்று என் காதுக்குப் பாடமாகிவிட்டது. நேற்று மாலை, வார்டில், அண்ணி மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாள், அவன் சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, ஏதோ பால் வாங்கி வரச் சொல்வதைப்போலச் சொன்னான், "நாளைக்கு ஒரு வார்த்தை சொல்லி வை." "யார்கிட்ட?" "உன் ஆளுகிட்டதான். வேற யார்கிட்ட?" நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்கவில்லை என்பதே வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கு உறைத்தது, ஒரு செருப்போடு வாசலில் அப்படியே நின்றேன். லிஃப்ட் மெக்கானிக் அவன். தன் கையால் தடவிப் பார்க்காத கயிற்றை நம்பமாட்டான். "ஒரு கயிறு போனா மிச்சக் கயிறு தாங்கும், எல்லாம் போனா பிரேக் கவ்வும், பிரேக்கும் போனா கீழ ஸ்பிரிங் இருக்கு. இதுல உன் ஆளுக்கு எங்கடி வேலை?" என்று சாப்பிடும்போதெல்லாம் கேட்டு என் சோற்றை ஆறவைத்தவன். அப்படிப்பட்டவன் வாயைத் திறந்து கேட்கிறான் என்றால் டாக்டர் அவனிடம் தனியாக என்ன சொன்னார்? எங்களிடம் சொன்னது, "ஹார்ட்ல வால்வு மாத்துறது இப்பெல்லாம் சாதாரணம்மா." அவனிடம்? அண்ணியிடம் கேட்கலாம், கேட்டால் அவளுக்கும் இந்தப் பயம் ஒட்டிக்கொள்ளும், வேண்டாம்… கூட ஒருவர்தான் இருக்கலாம் என்பது ஆஸ்பத்திரியின் விதி. "நீ வந்து மூஞ்சியத் தொங்கப்போட்டு உக்காந்தா டாக்டருக்குக் கை நடுங்கும், வேலைக்குப் போ" என்பது அவன் விதி. வந்துவிட்டேன். காலையிலேயே மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள்.

என் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது, எதிர்ச் சுவரில் அந்தத் திரை. பிறருடைய இணையதளங்களைக் கட்டிக் கவனித்துக்கொள்கிற சின்ன நிறுவனம் இது, பல் மருத்துவர், பூக்கடை, கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி, இப்படி. ஒவ்வொரு தளத்துக்கும் திரையில் ஒரு புள்ளி. நான் எழுதிய நிரல் ஒன்று நிமிடத்துக்கொரு தடவை ஒவ்வொரு தளத்தின் கதவையும் தட்டும், 'இருக்கிறாயா?' பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு, அவ்வளவுதான், நான் எழுதியதிலேயே எளிமையான நிரல் அதுதான், எனக்குப் பிடித்ததும் அதுதான். வடிவமைப்பாளர் வந்து என் மேசையில் சாய்ந்தார், எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் 'கலர் சரியில்ல' என்பதால் அவருக்குக் கலர் என்றே பெயராகிவிட்டது. "என்ன சாமியாரம்மா, ஒரே பச்சையா இருக்கு? மேலிடத்துல சொல்லி வெச்சிட்டீங்களா?" சொல்லி வை. அதே வார்த்தை. அண்ணன் விஷயம் அவருக்குத் தெரியாது, தெரிந்தால் பாவம் மனிதர் நாக்கைக் கடித்துக்கொள்வார். "போய் வேலையப் பாருங்க கலர்," என்றேன், குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

சாமியாரம்மா… ஒரு தளத்தை வெளியிடும் பொத்தானை அழுத்துமுன் நான் கண்ணைக் கசக்குவதுபோல ஒரு கணம் மூடிக்கொள்வதை அவர் கண்டுபிடித்த நாளிலிருந்து இங்கே இந்தப் பெயர். வழிபாட்டுக் கூடத்தில் எனக்குக் 'கம்ப்யூட்டர்காரம்மா' என்று பெயர், அதைச் சொல்லும்போது அங்கே உள்ளவர்கள் குரலில் ஒரு சின்னச் சந்தேகம் இருக்கும், இரவெல்லாம் திரையைப் பார்ப்பவளுக்கு மனசு எங்கே நிற்கும் என்பதைப்போல. இரண்டு இடத்திலும் பாதி ஆள். அதைப்பற்றி இதுவரை வருத்தப்பட்டதில்லை, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமைகூட, ஆனால் இன்று காலை விழித்ததும் வேண்டிக்கொள்ள உட்கார்ந்தேனே, என்ன ஆயிற்று? வார்த்தைகள் வந்தன, வராமலா போகும், சின்ன வயதிலிருந்து சொன்னவை, தொலைபேசியில் பதிவு செய்து வைத்த குரல்போல வரிசை தப்பாமல் வந்தன, ஆனால் சொல்வது யார் என்று தெரியவில்லை. பேருந்தில் மறுபடி. கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மறுபடி. அதே குரல். ஏன்? தேர்வுக்கும் வேலைக்கும் என் குழந்தையின் காய்ச்சலுக்கும் வராத தயக்கம் இப்போது ஏன்? அண்ணன் நம்பாதவனாக இருந்தவரை எனக்குச் சுலபமாக இருந்தது, அவன் சுவர், நான் அதில் சாய்ந்து நின்று கடவுள் உண்டு உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தச் சுவர் திடீரென்று ஆளாகித் திரும்பி, என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ என்றால்? எதைக்கொண்டு பிடிப்பேன்? என் கையில் கயிறு இருக்கிறதா? இருக்கிறது என்றுதானே அவனும் நினைத்துக் கேட்டான்…

தொலைபேசி அடித்தது, கை பட்டுத் தேநீர் சிந்தியது, ஆஸ்பத்திரி இல்லை, கார் ஓட்டப் பயிற்சிப் பள்ளிக்காரர். "மேடம், நம்ம வெப்சைட் தொறக்கவே மாட்டேங்குதே?" நிமிர்ந்து பார்த்தேன், அவருடைய புள்ளி பச்சை. "பச்சையாத்தானே இருக்கு சார்." "எங்க பச்சையா இருக்கு? எனக்கு வெள்ளையா இருக்கு, ஒரு எழுத்தும் இல்ல. வந்து பாருங்க, கண்ணாடி போட்டுக்கிட்டுதான் பேசுறேன்." திறந்து பார்த்தேன். வெள்ளைதான். திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் கடைசியாக விசாரித்த நேரம் இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்ப்பதில்லை, இப்போது பார்த்தேன்… போன வாரத் தேதி. போன வாரம் சர்வரில் ஏதோ புதுப்பித்தேன், அதோடு என் நிரல் நின்றுபோயிருக்கிறது, கடைசியாகக் கிடைத்த பதிலைத் திரை அப்படியே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. எல்லாரையும் விசாரிக்க ஓர் ஆளைப் போட்டேன், அந்த ஆள் உயிரோடு இருக்கிறானா என்று விசாரிக்க யாரையும் போடவில்லை. ஒரு வாரமாக இந்தத் திரையைப் பார்த்துத்தான் ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் மனசுக்குள் நன்றி சொன்னேன். எதற்குச் சொன்னேன்? யாரும் கதவைத் தட்டவே இல்லை.

"கலர், எல்லாம் பழைய பச்சை," என்றேன். "பழைய பச்சையா? அப்படி ஒரு கலரே கிடையாதே," என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் கேலியை விட்டுவிட்டு, "சரி சரி, ஓட்டுநர் பள்ளிய நான் பாத்துக்கிறேன், நீங்க அத எழுப்புங்க," என்று போனார். நிரலை எழுப்பினேன். புள்ளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சாம்பல் நிறமாயின. சாம்பல் என்றால் 'தெரியவில்லை'. அந்த நிறத்தை வைத்ததும் நான்தான், ஆனால் திரை முழுக்க அதை நான் பார்த்ததே இல்லை. பல் மருத்துவர், பச்சை. பூக்கடை, பச்சை. ஓட்டுநர் பள்ளி, சிவப்பு, தெரிந்ததுதான். கடைசியில் இன்னொரு சிவப்பு, வழிபாட்டுக் கூடத்தின் தளம், காசு வாங்காமல் நான் கட்டிக்கொடுத்தது. எப்போதிலிருந்து? தெரியாது. பூக்கடைப் படம் ஒன்று கோணலாக நின்றாலே போன் வந்துவிடும், இதற்கு ஒருவர்கூடக் கூப்பிடவில்லை… நானும் திறந்து பார்க்கவில்லையே. பச்சைதானே என்று இருந்துவிட்டேன்.

அப்போதுதான் அண்ணியின் செய்தி வந்தது. 'இன்னும் உள்ளதான் இருக்காங்க. சொன்ன நேரம் தாண்டிடுச்சு. நர்ஸ் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா. நீ வேண்டிக்கிட்டேல்ல?' யோசிக்கவே இல்லை, விரல் தானாகப் போயிற்று. 'வேண்டிக்கிட்டேன் அண்ணி. எல்லாம் நல்லா நடக்கும்.' உடனே பதில், அவள் போனைக் கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும், 'அது போதும். இப்பதான் எனக்கு மூச்சே வருது. உள்ள போகும்போதுகூட உங்கண்ணன் சொன்னார், தங்கச்சி பாத்துக்குவான்னு.' படித்தேன். மறுபடி படித்தேன். அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் அவள் இப்போது முதுகைச் சாய்த்திருப்பாள், என் ஒரு வரியின்மேல் சாய்ந்திருப்பாள், மயக்கத்துக்குள் போகும்போது அவனும் அதன்மேல்தான்… நான் அனுப்பியது என்ன நிறம்? போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

கண்ணை மூடினேன், கசக்குவதுபோல நடிக்கவில்லை, யார் பார்த்தால் என்ன. பழைய வரிகள் ஓடிவரப் பார்த்தன, பேசாமல் இருங்கள் என்றேன், நின்றன. அதற்குப் பிறகு உள்ளே ஒன்றும் இல்லை, இமைக்குப் பின்னால் சாம்பல் மட்டும். இத்தனை வருடமாக அதைக் கொடு, இதைக் காப்பாற்று, நன்றி, நன்றி என்றிருக்கிறேன், அந்த நிரல் ஒவ்வொரு நிமிடமும் யாரிடமும் கூச்சமில்லாமல் கேட்பதை மட்டும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டால் என்ன நிறம் வருமோ என்றுதானே? இப்போது கேட்டேன், உதடு அசையாமல், பின்னால் கலர் விசைப்பலகையைத் தட்டும் சத்தத்துக்கு நடுவில், இருக்கிறாயா? தளங்களுக்கு முப்பது வினாடி கொடுத்திருக்கிறேன், அதற்குள் பதில் வராவிட்டால் சிவப்பு என்று முடிவு கட்டச் சொல்லியிருக்கிறேன். இதற்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.