இருபத்திரண்டு தட்டு

"வெட்டுன்னா வெட்டு பூரணி, அதுக்கு எதுக்கு இம்புட்டு..."

"வெட்ட மாட்டேன்னு எத்தன தடவ சொல்றது? செலோவுக்கு இருக்கிற ஒரே நல்ல எடமே..."

"அது என்னோட பாட்டு!"

"பாட்டு ஒன்னோடது அண்ணே. நாலு தந்தி வாத்தியத்துக்கு அத மாத்தி எழுதுனது யாரு? அஞ்சு மாசமா எங் கண்ணு அவிஞ்சு போச்சு."

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஹுசைன் நானாவின் துணிக்கடைக்கு மேலே, பூரணி வயலின் சொல்லிக்கொடுக்கும் அறை அது. நாலு தாங்கிகளில் தாள்கள் விரிந்திருந்தன. ரெண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செலோ. ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் முதலாண்டு நினைவு நாளில் இதை வாசிக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து, அம்மா இருந்த மேட்டு லயத்து வரிசை வீடுகளை மூடிய அன்று, அண்ணன் சுதாகரனும் அவன் ராக் குழுவும் கீழே தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பழைய பிள்ளைக் காம்பராவில் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அதனால் தப்பினார்கள். அன்று போனில் பதிந்த பதினேழு நிமிடப் பாட்டு ஒன்று மிஞ்சியது. குழு அதோடு கலைந்துபோனது. அந்தப் பதிவைக் கேட்டுக் கேட்டுத்தான் பூரணி எழுதியிருந்தாள்.

"கீபோர்டு சத்தத்த ரெண்டு வயலினுக்குப் பிரிச்சேன். ஒன் கிட்டார் கத்துறதுக்கு, வயோலாவுல வில்ல, தந்தியத் தாங்குற குதிரைகிட்ட வச்சு அழுத்தச் சொன்னேன். டிரம்ஸுக்கு நான் எங்க போவேன்? அதான் செலோ ஒடம்புல விரலால தட்டச் சொன்னேன். மூணு, நாலு. மூணு, நாலு. மூணு, நாலு. கடைசியா ஒண்ணு."

"ஸஜ்ஜாத் சும்மா டிரம் கட்டையில தட்டிப் பாத்தது அது. டிரம்காரன் கை சும்மா கெடக்குமா?"

"பாட்டு அஞ்சு அஞ்சா ஓடுது. இந்தத் தட்டு மட்டும் அதுல ஒட்டாம தடுமாறுது. மூணு வாரம் முட்டி மோதி எழுத்துல கொண்டாந்தேன். செலோ வாசிக்கிற தனுஷிகா அழுதுட்டா."

"பாத்தியா? அவளே அழுறா. வெட்டிரு."

"எண்ண முடியலன்னு அழல. வாசிச்சு முடிச்சப்புறம் அழுதா."

சுதாகரன் செலோவின் தாளை இழுத்தான். பூரணி மறுமுனையைப் பிடித்தாள். ஓரம் கிழிந்தது.

"ஸஜ்ஜாத்துகிட்டயே கேட்டுட்டேன் அண்ணே."

அவன் கை நின்றது.

"கத்தார்லேருந்து நேத்து வொய்ஸ் மெசேஜ் போட்டான். 'அந்த எடத்துல நான் கட்டையத் தொடவே இல்ல பூரணி, சுதாகிட்ட கேளு'ன்னான். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல."

கீழே தலவாக்கலை பஸ் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அது கிளம்பிப் போனது.

"தகரக் கதவு," என்றான்.

"என்னா?"

"புள்ளக் காம்பரா கதவு. வெளியேருந்து தட்டுனது."

"யாரு?"

"அம்மா."

பூரணி தாளை விட்டாள்.

"அம்மா வீட்ட விட்டு வெளியவே வரலன்னு சொன்ன."

"ம்."

"யாரும் வந்து சொல்லல, அதான் அது உள்ளயே இருந்துருச்சின்னு சொன்ன. நானும் ஒரு வருஷமா ஊரெல்லாம் அதையே சொல்லிக்கிட்டுத் திரியிறேன்."

"வந்துச்சு. மலையில கொழுந்து எடுத்துட்டு லயத்துக்குப் போனது, அப்புடியே ஓடி வந்திருக்கும். கொழுந்து மட்டம் பாக்குற கம்பாலதான் தட்டுச்சு. ஜீவராணி அத்தை கால் ஒடஞ்சு கெடந்துச்சுல்ல? லயத்துச் செவுரு வெடிக்குது, தூக்க வாங்கடான்னு கூப்புட."

"கேட்டிச்சா ஒனக்கு?"

"பாதி. 'சுதா'ன்னது கேட்டிச்சு. அத்தை பேரு கேட்டிச்சு."

"தொறக்கல."

"ரெகார்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு பூரணி. ஒன்றரை வருஷத்துல அன்னைக்குத்தான் ஒரு பிழை இல்லாம வந்துச்சு. இன்னும் ஆறு நிமிஷம். ஸஜ்ஜாத் எழும்பப் பாத்தான். நாந்தான் வேணாம்னு தலைய ஆட்டுனேன்."

"ஆறு நிமிஷம்."

"முடிச்ச ஒடனே ஓடுனேன். பாதி ஏத்தத்துலயே மலை சரியிற சத்தம் கேட்டிச்சு. மேல போய்ப் பாத்தா, லயம் இருந்த எடத்துல..."

மிச்சம் அவளுக்கும் தெரிந்ததுதான்.

"தனியா அத்தையத் தூக்க முடியாதுன்னு தெரிஞ்சும் திரும்பிப் போயிருக்கு," என்றாள் பூரணி. "அந்தக் கடைசித் தட்டு போன்ல மெதுவாத்தான் கேட்டிச்சு. நானும் மெதுவான்னே எழுதிட்டேன். அழகா இருக்குன்னு நெனச்சேன்."

"ஞாயித்துக்கெழம அது வேணாம் தங்கச்சி. சனமெல்லாம் வந்திருக்கும்."

"அவங்களுக்கு என்னா தெரியும்? பாட்டுன்னு நெனப்பாங்க."

"எனக்குத் தெரியுமே."

அவள் செலோக்காரியின் நாற்காலியில் உட்கார்ந்து, கிழிந்த தாளை மடியில் நீவி வைத்தாள். தட்டுகளுக்கு மேலே ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை அவளே இலக்கம் போட்டிருந்தாள், தனுஷிகா எண்ணிக்கை தவறக்கூடாது என்று. பென்சிலை எடுத்து முதல் இலக்கத்தில் வைத்தாள்.

"நீயே சொல்லு அண்ணே, குறிச்சுக்கிறேன். எத்தனாவது தட்டுல அது அம்மான்னு ஒனக்குத் தெரிஞ்சிச்சு?"