வராத கரி

புகைக்கு வரி போடப் போகிறார்கள் என்று பட்ஜெட்டில் அறிவித்த அன்று லாண்டரியில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்காமல் வேறு என்ன செய்வது? தண்ணீருக்கு வரி, சோப்புக்கு வரி, வாங்குகிற சம்பளத்துக்கு வரி என்று எல்லாம் ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது புகைபோக்கி வழியாக மேலே போகிற புகை ஒன்றுதான்.

"அடுத்த வருஷம் மூச்சு விடுறதுக்குப் போடுவாங்க. இப்பவே நாலு மூச்சு கூடுதலா விட்டு வச்சுக்குங்க" என்றாள் இஸ்திரிப் பிரிவில் வேலை பார்க்கும் ரேடியோ. வாய் ஓய்வதே இல்லை என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

மருத்துவமனைகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுக்கிற லாண்டரி அது. நாளொன்றுக்கு ஆறாயிரம் படுக்கை விரிப்புகள். வெந்நீரும், உலர்த்துகிற டிரம்களும், விரிப்பை அழுத்தித் தேய்க்கிற இஸ்திரி உருளைகளும் நீராவியில்தான் ஓடின. நீராவிக்கு ஒரு பாய்லர். பாய்லருக்கு நிலக்கரி. அந்தப் பாய்லரை இருபத்தொன்பது வருடமாகக் கட்டிக்கொண்டு அழுதவரை எல்லோரும் பாய்லர்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது.

அந்த ஏழு மாதத்தை அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். தனக்காக அல்ல, மனைவிக்காக. அவளும் அதே லாண்டரியில்தான் இருபத்து நான்கு வருடம் உருளைக்கு முன்னால் நின்றாள். நின்றே இரண்டு முழங்காலும் போய்விட்டன. வேலையை விட்டபோது கிடைத்த பணம் முழுவதும் ஒரு முழங்கால் ஆபரேஷனுக்குப் போனது. அதுவும் சரியாக வரவில்லை. குடியிருப்பதோ மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. ஐம்பத்தெட்டுப் படி. பதினோரு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போகக் கடைசியாக இறங்கினாள். குழந்தைகள் இறங்குவது போலப் படியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நகர்ந்து இறங்கினாள். மாடிவீட்டுக்காரர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். திரும்பி ஏறி வந்ததும் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "போதும்ங்க. இனிமே நான் இறங்குறதுன்னா நாலு பேர் தூக்கிட்டுத்தான் இறங்கணும்" என்று சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு தரைத்தள வீடு விலைக்கு வந்திருந்தது. ஒரே அறைதான், ஆனால் வாசலைத் திறந்தால் தெரு. பாய்லர்காரர் முன்பணம் கொடுத்துவிட்டார். மீதியை ஓய்வுப் பணம் வந்ததும் தருகிறேன் என்று பேச்சு.

புகை வரிக்கு விதிமுறை வெளியானபோதுதான் சிரிப்பு அடங்கியது. வருடத்துக்கு ஆயிரம் டன் கரிக்குக் கீழே எரிக்கிற சின்ன நிறுவனங்களுக்கு வரி இல்லை. ஆயிரத்தைத் தாண்டினால் முதல் டன்னிலிருந்து மொத்தத்துக்கும் வரி, அதுவும் மூன்று வருடத்துக்கு முன்தேதியிட்டு. எவ்வளவு எரித்தார்கள் என்பதற்கு ஆதாரம் பாய்லர் பதிவேடு. அதில் கடைசி மூன்று வருடமும் சொல்லி வைத்தாற்போல் ஆயிரத்து இருபது டன் என்று இருந்தது.

"இருபதே இருபது டன்!" என்று ரேடியோ தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, கொஞ்சம் கையைப் பிடிச்சு எரிச்சிருக்கக் கூடாதா?"

உண்மையில் அந்த லாண்டரியில் எந்த வருடமும் ஆயிரம் டன் எரிந்ததே இல்லை. அது பாய்லர்காரர் ஒருவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும்.

விஷயம் இதுதான். ஒரு லாரி கரி பத்து டன் என்று பில் வரும். எடை போடும் முன் கரியில் குழாயைத் திறந்து விட்டிருப்பார்கள். இரண்டு நாள் வெயிலில் காய்ந்தால் ஒன்பதே கால் டன்தான் தேறும். மீதி முக்கால் டன்னும் தண்ணீர். ஆனால் பில்லில் பத்து வந்தால் பதிவேட்டிலும் பத்துக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். குறைந்தால், கரியைப் பாய்லர்காரன் விற்றுவிட்டான் என்பார்கள். அதனால் எல்லாப் பாய்லர்காரர்களும் செய்வதை இவரும் செய்தார். ஒவ்வொரு ஷிஃப்டிலும் எரித்ததற்கு மேல் இரண்டு தள்ளுவண்டி கூட்டி எழுதினார். வராத கரியை எரித்துச் சாம்பலாக்கினார், பேனாவால். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் படித்த பாடம் அது. வருடத்துக்கு நூற்றிரண்டு லாரி. நிஜமாக எரிந்தது தொள்ளாயிரத்து நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே. இருபத்தொன்பது வருடமாக அந்தப் பொய்யால் ஈ எறும்புக்குக் கூடக் கெடுதல் வந்ததில்லை.

இப்போது வந்தது. முதலாளி எல்லோரையும் துணி இறக்கும் இடத்தில் கூட்டி வைத்து, வரி வந்தால் லாண்டரியை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அறுபத்திரண்டு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். ரேடியோ மட்டும் சும்மா இருக்கவில்லை. மறுநாளே ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சாப்பாட்டு நேரத்தில் ஒலிபரப்பினாள்.

"நம்ம சேமிப்புப் பணமெல்லாம் எங்க இருக்கு தெரியுமா? லாண்டரிக்கே கடனாப் போயிருக்கு, அந்தப் புது டிரம்மு வாங்கினாங்களே, அதுக்கு. கம்பெனியை மூடினா மொதல்ல கவர்மெண்ட் வரியை எடுத்துக்கும். அப்புறம் பேங்க். அப்புறம் மிச்சம் மீதி இருந்தா நாம. வக்கீல் சிரிக்கிறாருப்பா. மிச்சம் எங்கேருந்து வரும்னு என்னையே கேக்கறாரு."

யாரும் அதற்கு மேல் சாப்பிடவில்லை.

பாய்லர்காரர் அன்று மாலையே முதலாளியின் அறைக்குப் போனார். முதலாளி நல்லதைச் சொன்னால் கேட்பார் என்று நம்பினார், பாவம். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். லாரி, தண்ணீர், முக்கால் டன், தள்ளுவண்டி. "நாம ஆயிரத்தைத் தாண்டவே இல்லைங்க. வரி ஆபீசர்கிட்ட சொல்லிட்டா வரியே கிடையாது."

முதலாளி ஆச்சரியப்படவே இல்லை. அதைப் பார்த்ததும்தான் பாய்லர்காரருக்கு உறைத்தது. கரி சப்ளை செய்வது முதலாளியின் மச்சினன். தண்ணீரில் கிடைத்த லாபம் வெளியே எங்கும் போகவில்லை.

"உட்காருங்க" என்றார் முதலாளி. இருபத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் அவரை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. "நீங்க ஆபீசர்கிட்ட சொன்னா என்ன ஆகும்? பதிவேட்டுல பொய் எழுதினேன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. பொய்க் கையெழுத்துக்கு டிஸ்மிஸ். டிஸ்மிஸ் ஆனவனுக்கு ஓய்வுப் பணத்துல ஒரு காசு கிடையாது. நான் வச்ச சட்டம் இல்லை, சேமிப்பு நிதி விதியிலயே இருக்கு. எழுபது எண்பது டன் கரி வருஷா வருஷம் எங்க போச்சுன்னு கேப்பாங்க. என் மச்சினன் பில் காட்டுவான். நீங்க என்ன காட்டுவீங்க?"

பாய்லர்காரர் தன் கைகளைப் பார்த்தார். காட்டுவதற்கு அவை மட்டும்தான் இருந்தன.

"எனக்கும் வயசாச்சு. இந்த இடத்துக்கு நல்ல விலை கேக்கறாங்க. நானா மூடினா ஊரே என்னைத் திட்டும். வரி வந்து மூடினா கவர்மெண்டைத் திட்டிட்டுப் போவாங்க." முதலாளி மேஜை இழுப்பறையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்து வைத்தார். "ஆபீசர் அடுத்த வாரம் வர்றாங்க. பதிவேடு சரின்னு ஒரு கையெழுத்து. அன்னிக்கு சாயங்காலமே உங்க பணம் முழுசா செக்கா உங்க கையில. ஏழு மாசம் முன்னாடியே ஓய்வு. யாருக்கும் தெரிய வேண்டாம். வீட்டுல அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டபோது அவர் முகத்தில் நிஜமான கரிசனம் இருந்தது. அதுதான் பாய்லர்காரருக்கு ஆத்திரத்தை மூட்டியது. ஆனால் ஆத்திரப்பட்டு என்ன செய்ய? "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோ மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க வந்தாள். வாரா வாரம் வருவாள். அவளுக்கு உருளையில் விரிப்பு விடச் சொல்லிக்கொடுத்ததே பாய்லர்காரர் மனைவிதான். முதல் மாதத்தில் விரல் உருளைக்குள் போக இருந்தபோது கையைத் தட்டிவிட்டுக் காப்பாற்றியவளும் அவள்தான். அன்று ரேடியோ அதிகம் பேசவில்லை. பத்தொன்பது வருடச் சேமிப்பு என்று ஒரு தடவை சொன்னாள். பாய்லர்காரர் மனைவி அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு தடவிக்கொடுத்தாள். பாய்லர்காரர் சமையலறைக்குள் போய்க் கழுவின டம்ளரையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தார். மூன்று தடவையும் மென்று விழுங்கினார்.

ஆபீசர் பாய்லர் அறைக்கே வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. சூட்டில் வியர்த்து வழிந்தாலும் முகம் சுளிக்காமல், கரிமேட்டைச் சுற்றிப் பார்த்தாள், அடுப்பின் அகலத்தை அளந்தாள், பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கெட்டிக்காரி. ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"இந்த மாசம் மூணு நாள் பாய்லர் ரிப்பேர்னு இருக்கு. ஆனா கரி மட்டும் வழக்கம்போல எரிஞ்சிருக்கே, ஐயா?"

முதலாளி வாசலருகில் நின்றுகொண்டிருந்தார். பாய்லர்காரர் அவரை ஒரு தடவை பார்த்தார்.

"சூடு குறையாம இருக்கக் கொஞ்சம் போட்டுக்கிட்டே இருப்போம்மா" என்றார்.

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "ஐயா, கூடக் குறைய எழுதியிருந்தா இப்ப சொல்லலாம். நான் எழுதிக்கறேன். நீங்க கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் நானே நினைச்சாலும் மாத்த முடியாது. இருபது டன்தான் இடிக்குது, அதான் கேக்கறேன்."

தப்பிக்க ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள் அந்தப் பெண். பாய்லர்காரரும் அதைப் பார்த்தார். வெளியே அறுபத்திரண்டு பேர், வீட்டில் ஐம்பத்தெட்டுப் படி. ஒரு சொல் சொன்னால் அவர்கள் பிழைப்பார்கள். சொன்னால் மனைவி அந்த மாடியிலேயே கிடந்து சாவாள். இப்படி ஒரு நிலையில் மனிதனை நிறுத்தியவர்கள் மீதெல்லாம் அவருக்குக் கோபம் வந்தது. முதலாளி மீது, மச்சினன் மீது, பட்ஜெட் போட்டவர்கள் மீது, தன் பேனா மீது. கோபம் வந்து என்ன, பேனா கையில்தான் இருந்தது.

"எழுதினது சரிதாம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

செக் சாயங்காலமே வந்தது. முதலாளி வாக்குத் தவறவில்லை. வீட்டில், "சீக்கிரமே ஓய்வு கொடுத்துட்டாங்க" என்று மட்டும் சொன்னார். மனைவி கேள்வி கேட்கவில்லை. சந்தோஷத்தில் கேட்கத் தோன்றவில்லை.

ஐம்பத்தெட்டுப் படியையும் கடைசித் தடவையாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். புதுவீட்டுக்கு வந்த மறுநாள் காலை வாசலைத் திறந்து, கைத்தடியை ஊன்றித் தெருவில் கால் வைத்தாள். முனைவரை போய்த் திரும்பி வந்தாள். கால் மணி நேரம் ஆனது. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "ஒரு நாய் என்னைப் பார்த்துக் குலைச்சுதுங்க" என்றாள், என்னவோ விருது கிடைத்த மாதிரி. பாய்லர்காரரும் அழுதார். அதன்பின் தினமும் நடந்தாள். முனை தாண்டி மருந்துக் கடைவரைகூடப் போக ஆரம்பித்தாள்.

நாலாம் மாதம் லாண்டரியை மூடினார்கள். புகை வரிச் சுமையால் மூடப்படுகிறது என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஊர் முழுக்க அரசாங்கத்தைத் திட்டியது. பாய்லர்காரரும் தெருவில் நாலு பேர் கூடிய இடத்தில் நின்று திட்டினார். திட்டாவிட்டால் என்ன நினைப்பார்கள்?

சேமிப்பு நிதியிலிருந்து யாருக்கும் ஒன்றும் வராது என்று கடிதம் வந்த அன்று ரேடியோ வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். வீடு வீடாகப் போய்த் துணி தேய்த்துக் கொடுக்க வேலை கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். சுவர்களைச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு அண்ணி. அண்ணனுக்காவது முன்னாடியே கிடைச்சுதே. உங்க நல்ல மனசுக்கு." பொறாமை ஒரு துளி இல்லை. வாசல்வரை வந்த அண்ணியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

மனைவி வாசலிலேயே நின்றாள். அவள் இருபத்து நான்கு வருடம் அந்த லாண்டரியில் இருந்தவள். பாய்லர் அறையில் எப்படி எழுதுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

"ஆபீசர் கேட்டாங்களா உங்களை?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எழுதினது சரின்னு சொன்னேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. "எனக்காகவா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை, அவள் வழக்கமாக நடக்கப் போகும் நேரம். இஸ்திரிப் பிரிவில் இருந்த நாலைந்து பெண்கள் வேலை தேடி அந்தத் தெரு வழியாகத்தான் போனார்கள். பேச்சுக்குரல் கேட்டது. பாய்லர்காரர் கைத்தடியை எடுத்து நீட்டினார்.

"நடக்கப் போகலையா?"

"கதவைச் சாத்துங்க" என்றாள் அவள்.

"வலிக்குதா?"

அவர் கதவைச் சாத்தினார். அந்த வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு படிகூடக் கிடையாது. அன்றிலிருந்து அவள் அதைத் தாண்டவே இல்லை.